பெரட்டுக் களமும் பாடசாலைக் களமும்

அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது குருவிட்ட. சுற்றிலும் றப்பரும் தேயிலையும் செழித்த குன்றுகள். அக்குன்றுகளிடையே உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையின் விளையாட்டுப் போட்டி நாளை நாம் மனக்கண்முன் கொண்டுவருவோம். இல்லக் கொடிகள் பறக்கின்றன. அணிநடை முடிந்து உடற்பயிற்சிக் கண்காட்சி தொடங்குகிறது. ஊதலின் ஒலிக்கேற்பச் சிறுவர் கைகளை உயர்த்துகின்றனர், குனிகின்றனர், நிமிர்கின்றனர். பந்தலின் நிழலில் பிரமுகர்கள் அமர்ந்திருக்கின்றனர். கயிற்றுக்கு அப்பால், வெயிலில், பெற்றோர் நிற்கின்றனர்.

இக்காட்சி யாருக்காக? எளிய வினாவே. ஆயினும் இதற்கு விடை காண, நாம் ஒரு நூற்றாண்டுக்கும் அப்பால் செல்ல வேண்டியிருக்கிறது.

வரிசையில் நின்று கட்டளைக்கு அங்கம் அசைக்கும் இம்முறைக்கு வழிவகுத்தவருள் தலையாயவர், 1813இல் ஸ்டொக்ஹோமில் பயிற்சி நிலையம் நிறுவிய பேர் ஹென்றிக் லிங். இங்கிலாந்து அதனைத் தன் பாடசாலைகளுக்கு விரிவாக எடுத்துக்கொண்டதற்குப் போர் ஒரு காரணம். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்துக்குப் படை திரட்டியபோது, தொழிலாளர் வீட்டு இளைஞர் பலர் உடற்தகுதியின்றித் தள்ளப்பட்டனர். ஆலைகளில் உறிஞ்சப்பட்ட உடல்கள் பீரங்கிக்கும் உதவாமற் போனமை ஆளும் வர்க்கத்தைத் திடுக்கிடச் செய்தது. 1904இல் விசாரணைக்குழு அறிக்கை வந்தது. 1906இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கச் சட்டம் வழிவகுத்தது. 1907இல் மருத்துவப் பரிசோதனை வந்தது. 1909இல் லிங்கின் முறையைத் தழுவிய உடற்பயிற்சிப் பாடத்திட்டம் வெளியாயிற்று. நோக்கம் எதுவாயினும், அங்கே பயிற்சியோடு சோறும் மருத்துவமும் சேர்ந்து வந்தன என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே 1907இல் இலங்கையில் நடந்தது என்ன? கிராமப் பாடசாலைகள் சட்டம் பிறந்தது. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளின் கல்விக்கு வசதி செய்யுமாறு அது தோட்டத் துரைமாரைக் கேட்டது. பத்து வயதோடு கல்வி முடிந்தது. அதன் பின் மலை காத்திருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சிறுவருக்கும் தனித்தனி விகிதம் வகுக்க இடமளித்தது. தோட்டத்துக் குழந்தையின் உடலுக்குக் கல்வித் திட்டம் விலை வைக்கவில்லை. கணக்கப்பிள்ளையின் பதிவேடு வைத்தது.

ஒரு சொல் இங்கு நமக்குப் பெருந்துணை செய்கிறது. விடியுமுன் தப்பு முழங்க, ஆணும் பெண்ணும் அணிவகுத்து நின்று, பெயர் கொடுத்து, வேலைத் தலம் கேட்டறிந்து கலையும் இடத்திற்குத் தோட்டத்துத் தமிழில் பெரட்டுக் களம் என்று பெயர். ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே பெரட்டு ஆயிற்று. படையணியின் சொல் உழைப்பாளியின் விடியலுக்குப் பெயராயிற்று! வரிசையில் நிற்பது அம்மக்களுக்குப் புதிதன்று. ஆகவே, ஊதலுக்கு அசைவதை மட்டுமே பிள்ளைக்குக் கற்பித்து, அதனை மேலோர் கண்டு மகிழச் செய்வோமாயின், நாம் நடத்துவது கண்காட்சியன்று, மற்றுமொரு பெரட்டே.

அப்படியாயின் இக்காட்சியை ஒழித்துவிடலாமா? கூடாது. அதே அணிவகுப்பு வேறொரு பொருளும் தரும் என்பதற்கு ஐரோப்பிய வரலாறே சான்று. ஆஸ்திரியப் பேரரசின் பிடியில் இருந்த செக் மக்களிடையே 1862இல் பிராக் நகரில் சொக்கோல் என்னும் உடற்பயிற்சி இயக்கம் தோன்றியது. 1882இல் அது தன் முதற் பெருங்காட்சியை நடத்தியது. அக்காட்சியில் அடிமைப்பட்ட ஓர் இனம் தன் வலிமையைத் தனக்கே காட்டிக்கொண்டது. 1925இல் பிராங்பர்ட்டில் கூடிய தொழிலாளர் ஒலிம்பிக்கும் பல நாட்டு உழைப்பாளர் தமக்காகவே நடத்திய விழாதான். பார்ப்பவர் யார், பார்த்து அவர் பெறுவது யாது என்பதே காட்சியின் தன்மையைத் தீர்மானிக்கின்றது.

நம் குருவிட்டக் களத்துக்குத் திரும்புவோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகள் பலவற்றை அரசு ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. தோட்டங்கள் தேசியமயமான பின், 1970களிலேயே அவை அரசின் கைக்கு வரத் தொடங்கின. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்செயல் பாய்ந்தது. மக்கள் லயங்களை விட்டு ஓடி ஒளிந்தனர். ஒளிந்து உயிர் காத்தவரின் வழிவந்த பிள்ளை, இன்று பட்டப்பகலில், அயல்மொழி பேசும் அண்டையாரும் காண, தலை நிமிர்ந்து களத்தின் நடுவே நிற்கிறது. இதன் பொருளைப் பந்தலில் இருப்போர் உணராதிருக்கலாம். கயிற்றுக்கு அப்பால் நிற்கும் பாட்டி உணர்வாள்.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, அந்தப் பாட்டிக்கு நாம் விளக்கம் கடமைப்பட்டுள்ளோம். ஒவ்வொரு பயிற்சி தொடங்குமுன்னும், இது முதுகெலும்புக்கு, இது மூச்சுக்கு என்று அவளுடைய தமிழில் எடுத்துரைப்போம். கூடை சுமந்தும் பால் வாளி தூக்கியும் வளைந்த முதுகு அவளுடையது. உடலைப் பற்றி அவளுக்கும் சொல்ல நிறைய உண்டு. வேகமாக ஓடுபவனை மட்டுமன்றி, மெலிந்தவளையும் கால் ஊனமுற்றவனையும் களத்தில் இறக்குவோம். பெற்றோர் ஒரு நாட் சம்பளத்தை இழக்காமல் வரக்கூடிய நாளைத் தெரிவோம். பயிற்சிக்குமுன் பிள்ளை உண்டதா என்று கேட்போம். சமதரை இல்லாத பாடசாலைக்கு விளையாட்டிடம் கேட்டு, அக்கோரிக்கையைப் பிரதம விருந்தினர் முன் மேடையிலேயே வைப்போம்.

பந்தலை ஒரு முறையேனும் பெற்றோருக்கு விட்டுக்கொடுத்து, பிரமுகர்களை வெயிலில் நிறுத்திப் பார்ப்போம். அன்று ஊதல் ஒலிக்கும்போது, பிள்ளைகள் யாரை நோக்கி நிமிர்வர் என்பதில் ஐயமிராது.