அணியும் ஆட்டமும்: அலூத்திக் மரபின் மீட்சி

அலாஸ்காவின் தென்கரையில், கோடியாக் தீவுக்கூட்டத்தையும் அதையடுத்த கடற்கரைகளையும் தாயகமாகக் கொண்டவர்கள் அலூத்திக் மக்கள். கடல்வேட்டை ஓயும் குளிர்காலமே அவர்களுக்கு விழாக்காலமாக இருந்தது. தோல்மேளம் முழங்க, மர முகமூடி அணிந்து ஆடினார்கள். விழா முடிந்தபின் முகமூடிகளை உடைத்து எறிவதும் குகைகளில் ஒளித்துவைப்பதும் வழக்கமாக இருந்தது. மறுவிழாவுக்குப் புதிதாகச் செதுக்க ஊரில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களது மரபுச் செல்வம் பொருளைவிடச் செய்யத் தெரிந்த கைகளிலேயே இருந்தது.

அந்தக் கைகளைத்தான் வரலாறு முடக்கியது. 1784இல் ஷெலிகோவ் தலைமையில் வந்த ரஷ்யர்கள் துப்பாக்கிமுனையில் கோடியாக் தீவைப் பிடித்தார்கள். ஆண்களைக் கடல்நீர்நாய் வேட்டைக்கு விரட்டினார்கள். 1830களின் இறுதியில் பெரியம்மை ஊர்களைக் காலிசெய்தது. 1867இல் அலாஸ்கா அமெரிக்கர் கைக்குப் போனது. பின்னர் வந்த பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள்.

இதற்கிடையே, 1871–72இல் அல்போன்ஸ் பினார் என்ற பிரெஞ்சு இளைஞர் கோடியாக்கில் முகமூடிகளைத் திரட்டினார். அவற்றுக்குரிய பாடல்களையும் குறித்துக்கொண்டார். அத்தொகுப்பு பிரான்சின் பூலோன்-சுர்-மேர் அருங்காட்சியகத்தில் தங்கியது. பேரப்பிள்ளைகள் பாட்டன் கலையைக் கற்கக் கடல் கடக்க வேண்டியதாயிற்று. அலூத்திக் கலைஞர்கள் அங்கே சென்று உளித்தடங்களை உற்றுப் படித்தார்கள். 2008இல் அம்முகமூடிகளில் ஒரு பகுதி கோடியாக்கில் காட்சிக்கு வந்தது.

ஆட்டம் அதற்கு முன்பே உயிர்பெற்றிருந்தது. 1980களில் கோடியாக் அலூத்திக் நடனக்குழு உருவானது. 1995இல் திறக்கப்பட்ட அலூத்திக் அருங்காட்சியகத்துக்கு, 1989இல் அலாஸ்கா கடலில் நேர்ந்த எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய்க் கசிவு தொடர்பான நிதியும் உதவியது.

ஆடுவோரின் அணிகளில் அந்தக் கடலே தெரியும். வளைத்த மரவளையத்தில் பஃபின் என்ற கடற்பறவையின் அலகுகளைக் கட்டிய கிலுகிலுப்பை, குலுக்கினால் சலசலக்கும். அப்பறவையின் இறைச்சி உணவானது, தோல் மேலங்கியானது, அலகும் வீணாகவில்லை. பெண்களின் தலையணியில் சரஞ்சரமாகக் கண்ணாடி மணிகள். பின்புறம் முதுகில் தவழும் அவை அடிக்கு அடி அசையும்.

ஆட ஆட மணிச்சரம் அறும். கட்டிய அலகு கழன்றுவிழும். அருங்காட்சியகக் காப்பாளருக்கு அது சேதம். ஆட்டக்குழுவுக்கோ அதுவே பாடம்: அறுந்ததைக் கோக்க உட்காரும்போதுதான் முடிச்சின் நுட்பம் இளையவர் விரலுக்கு ஏறும். மூலப்பொருளைக் கண்ணாடிப் பேழை காக்கட்டும். அதைப் பார்த்துச் செய்த புதிய அணிகள் ஆடித் தேயட்டும். தேய்வதற்கு இடங்கொடுக்காத காப்பு, செய்யத் தெரிந்தவரை இழந்துவிட்டுச் செய்த பொருளை மட்டும் வைத்திருக்கும்.