இறந்தோர் சொத்தும் இருப்போர் செலவும்

அந்தியேட்டி முடிந்து உறவினர் கலைந்து சென்றபின், துக்க வீட்டுத் திண்ணையில் ஒரு கேள்வி எழுகின்றது: "காணி உறுதிகளை மாற்றி முடிக்க எவ்வளவு முடியும்?" ஊரிலே நாலெழுத்துப் படித்தவர் என்ற காரணத்தால் ஆசிரியராகிய நம்மிடமே இக்கேள்வி பெரும்பாலும் வந்து சேர்கின்றது. உடனே விடை கூற இயலாது திணறுகின்றோம். ஆயினும் இக்கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதனை அறிந்தால், செலவுக் கணக்கின் தன்மையையும், அதன் பாரம் எவர் தோளை அதிகம் அழுத்துகின்றது என்பதையும் ஒருவாறு உணரலாம்.

மரணசாதனம் மெய்யானது என நீதிமன்று வழங்கும் அத்தாட்சியே 'புரோபேட்' எனப்படுவது. மரணசாதனம் எழுதாது இறந்தவரின் சொத்துக்கு நிருவாகக் கடிதம் வழங்கப்படும். இரண்டிற்கும் ஏற்படும் செலவு மூவகைத்து. அரசு கேட்கும் கட்டணமும் வரியும் ஒன்று. சட்டத்தரணிக்குக் கொடுப்பது மற்றொன்று. தாமதத்தினாலும் தகராற்றினாலும் விளையும் நட்டம் மூன்றாவது. முதலாவதை அட்டவணை பார்த்துக் கணித்துவிடலாம். ஏனைய இரண்டையும் எவரும் முன்கூட்டி அறுதியிட்டுக் கூறிவிட முடியாது.

இம்முறை நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே மத்திய காலத்தில் மரணசாதனத்தை ஏற்கும் அதிகாரம் திருச்சபை நீதிமன்றுகளின் கையிலேயே இருந்தது. ஆன்மாவின் கதியைக் கவனித்தவர்களே ஆஸ்தியின் கதியையும் கவனித்தனர். அதற்குக் கூலியும் பெற்றனர். 1529இல் கூடிய பாராளுமன்றத்திலே, அரண்மனை அதிகாரியான சேர் ஹென்றி கில்போட் எழுந்து, சேர் வில்லியம் கொம்ப்டனின் மரணசாதனத்தை நிறைவேற்றுவதற்காகக் கர்தினால் வூல்சிக்கும் கன்ரபரி அதிமேற்றிராணியாருக்கும் தாமும் உடனிருந்தோரும் 1000 மார்க் கொடுக்க நேர்ந்ததென முறையிட்டார் என அக்கால வரலாற்றாசிரியர் எட்வேட் ஹோல் எழுதிவைத்துள்ளார். ஏறத்தாழ 667 பவுண்! மன்னரின் அணுக்கர்களுக்கே இக்கதியெனின், குடியானவனின் விதவைக்கு என்ன நேர்ந்திருக்கும்?

அவ்வாண்டே கட்டணத்துக்கு எல்லை வகுத்து ஒரு சட்டம் பிறந்தது. சொத்து 5 பவுணுக்குக் குறைவாயின், எழுத்தருக்கு 6 பென்ஸ் மட்டுமே. 5 பவுண் முதல் 40 பவுண் வரை 3 சிலிங் 6 பென்ஸ். அதற்கு மேல் எவ்வளவாயினும் 5 சிலிங். ஏழைக்கு இரங்கிய சட்டமாகவே இது முதற்பார்வையில் தோன்றும். வகுப்பறைக் கரும்பலகையில் இதனைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பவுண் 240 பென்ஸ். ஆகவே 5 பவுண் சொத்து 1200 பென்ஸ். அதற்குரிய கட்டணம் 42 பென்ஸ், அதாவது நூற்றுக்கு 3.5. சொத்து 1000 பவுணாயின் கட்டணம் 60 பென்ஸ், நூற்றுக்கு 0.025. சிறியவன் மீது விழுந்த பாரம் பெரியவன் மீது விழுந்ததிலும் 140 மடங்கு! கொள்ளையைத் தடுத்த அச்சட்டம் சமத்துவத்தைத் தரவில்லை. சபையில் அமர்ந்திருந்த நிலவுடைமையாளரும் வணிகரும் தம் பணப்பையைக் காத்துக்கொண்டனர் என்பதே உண்மை.

1694இல் பிரான்சுடன் நடந்த போருக்குப் பணம் திரட்டுமுகமாக அரசும் இப்பத்திரங்கள்மீது முத்திரை வரி விதித்தது. திருச்சபை உண்ட பந்தியில் அரசும் அமர்ந்தது. சட்டத்தரணிகளோ அதற்கு முன்னரே அமர்ந்திருந்தனர். இலண்டனில் 'டொக்டேர்ஸ் கொமன்ஸ்' என்னுமிடத்தில் கூடியிருந்த ஒரு சிறு குழுவினரே திருச்சபை வழக்குகளைத் தம் ஏகபோகமாக வைத்திருந்தனர். இளமையில் அங்கே சுருக்கெழுத்தாளராகத் தொழில் பார்த்த சார்ள்ஸ் டிக்கன்ஸ், பிற்காலத்தில் தம் நாவல்களிலே அவர்களை நையாண்டி செய்தார்.

தாமதத்தின் விலையையும் அவரே எடுத்துக்காட்டினார். சொத்துத் தகராறுகள் சென்றடைந்த சான்சரி மன்றைப் பற்றிய 'பிளீக் ஹவுஸ்' நாவலுக்கு 1853 ஆகஸ்ட் மாதத்தை நினைவுகூர்ந்து எழுதிய முன்னுரையில், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்தும் முடிவின் அருகே வராத ஒரு வழக்கைக் குறிப்பிடுகின்றார். அதற்கு அதுவரை ஏற்பட்ட செலவு 70,000 பவுண். அதிலும் விந்தை யாதெனில், அது பகையின்றி இருதரப்பும் உடன்பட்டு நடத்திய வழக்காம்! நாவலிலே வரும் கற்பனை வழக்கு, சொத்து முழுவதும் செலவிலே கரைந்தபின் தானாகவே முடிந்துபோகின்றது.

1857ஆம் ஆண்டுச் சட்டத்தால் இவ்வதிகாரம் திருச்சபையிடமிருந்து பறிக்கப்பட்டு, 1858 ஜனவரியில் அரச நீதிமன்றுக்கு மாறியது. 1894இல் நிதியமைச்சர் வில்லியம் ஹார்கோட் கொண்டுவந்த மரணச் சொத்து வரி அதனினும் பெரிய திருப்பம். 100 பவுணுக்கு மேற்படாத சொத்துக்கு வரியில்லை. அதற்கு மேல் நூற்றுக்கு 1இல் தொடங்கி, பத்து இலட்சம் பவுணைத் தாண்டிய சொத்துக்கு 8 வரை ஏறியது. பெரியவன் கூடிய வீதத்தில் கொடுக்க வேண்டும் என்னும் நெறி, 1529இன் கணக்கைத் தலைகீழாக்கிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலே முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்பவற்றின் பங்கீட்டை வழக்காறே தீர்மானித்து வந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் அவ்வழக்காறுகளைத் தொகுத்தார். பன்னிரு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். தந்தை இறந்து, தாய் மறுமணம் புரிய விரும்பினால், பிள்ளைகளை உறவினர் ஏற்க, தந்தையின் முதுசொத்தையும் தேடியதேட்டத்தின் பாதியையும் அவர்களுக்காக அவள் ஒப்படைக்க வேண்டும் என்கின்றது தேசவழமை. உறவினரே நீதிமன்றாக நின்ற அவ்வமைப்பில் பணச் செலவு குறைவு. எனினும் அதனைப் பொற்காலமெனப் போற்ற நாம் முன்வரோம். அதே தொகுப்பு அடிமைகளையும் உடைமைகளாக வைத்து விதி கூறுகின்றது. அங்கே செலவைக் கொடுத்தவர் பேச உரிமையற்றவர்.

பங்கு யாருக்கு என்பதை வழமை சொல்ல, அதனைப் பெறும் வழியை ஆங்கிலச் சட்டம் வகுத்தது. 1833இன் நீதிப் பட்டயம் மாவட்ட நீதிமன்றுகளிடம் இறந்தோர் சொத்தை ஒப்படைத்தது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, சொத்து 1000 ரூபாயோ அதற்கு மேலோ பெறுமானால், உரிய முத்திரையுடன் கூடிய அத்தாட்சியின்றி அதனைக் கோரி வழக்குத் தொடரலாகாது என்றது. அத்தாட்சியின்றிக் கைமாற்றுவதையும் குற்றமாக்கியது. அவ்வெல்லை பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது. 1919இல் இங்கும் மரணச் சொத்து வரி வந்தது. 1985இல் அது ஒழிக்கப்பட்டது. பெருஞ்சொத்துக்காரரை அதிகம் தொட்ட செலவு அவ்வாறு நீங்கிற்று. சிறுசொத்துக்காரரை அழுத்தும் சட்டத்தரணிக் கூலியும் தாமதமும் அவ்வாறு நீங்கவில்லை.

அச்செலவுக்கு அஞ்சி ஒதுங்குவோர் தப்பிவிடுகின்றனரா? நான்கு பரப்புக் காணியை விட்டு ஒருவர் இறக்கின்றார் என்போம். நான்கு பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் நால்வர், அவர்களுக்கும் நந்நால்வர். மூன்றாந் தலைமுறையில் 64 பங்காளிகள். பரப்புக்கு 18 குழியாக 72 குழியைப் பகிர்ந்தால், ஒருவருக்கு ஒரு குழியும் சிறிதும். அதிலே கிணறு யாருக்கு, வேலி யாருக்கு, வழி யாருக்கு? பாட்டன் இறந்தபோது மிச்சப்படுத்திய பணத்தைப் பேரன் பிரிவிடல் வழக்கிலே பன்மடங்காகச் செலுத்துகின்றான்.

ஆகவே திண்ணையில் எழும் கேள்விக்கு நாம் கூறக்கூடிய விடை இதுவே. மூன்று நிரல்கள் வரைந்து மூன்று செலவையும் தனித்தனியே எழுதுங்கள். சட்டத்தரணியின் கூலியை எழுத்திலே கேளுங்கள். சொத்தின் பெறுமதியில் அது நூற்றுக்கு எவ்வளவு எனக் கணக்கிடுங்கள். உடன்பிறந்தார் ஒற்றுமையாயிருக்கும் காலத்திலேயே காரியத்தைத் தொடங்குங்கள். இவை குடும்பம் செய்யக்கூடியவை. கட்டண அட்டவணை மக்கள் மொழியில் நீதிமன்ற வாயிலில் தொங்குவதும், சிறுசொத்துக்கு எளிய நடைமுறையும் காலவரையும் அமைவதும் சமூகம் கேட்டுப் பெறவேண்டியவை. 1529இல் கட்டணக் கொள்ளை அடங்கியது, பாதிக்கப்பட்டோர் சபையில் எழுந்து பேசியதனால். அன்று பேசியோர் செல்வர். தமக்கு வேண்டியதைப் பெற்றனர். ஐந்து பவுண்காரன் அங்கே பேசவில்லை. இன்றும் அவன் பேச வேண்டியே இருக்கின்றது.