ஹோல்டனா, ஃபோர்டா? – இரு கார் நிறுவனங்களின் அரை நூற்றாண்டுப் போட்டி



இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த எம்மவரில் பலர் முதன்முதலில் வாங்கிய கார் ஒரு பழைய கொமடோராகவோ பழைய ஃபல்கனாகவோ இருந்திருக்கும். விலை மலிவு, திருத்துவது சுலபம், உதிரிப்பாகம் எந்தச் சந்தியிலும் கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்ல, நாமும் வாங்கினோம். அந்த இரு பெயர்களுக்கும் பின்னால் உள்ள கதையைப் பலரும் விசாரித்ததில்லை. இரண்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று விரட்டியதால் நல்ல கார்கள் எப்படிப் பிறந்தன, அதே போட்டி இறுதியில் அவற்றை ஏன் காப்பாற்றவில்லை என்பதே இம்மாத உரை.

யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் 'வடக்கின் பெரும் போர்' எம்மில் பலருக்குத் தெரியும். படித்தவருக்கு மட்டுமல்ல, படிக்காதவருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. அவுஸ்திரேலியாவில் ஹோல்டன், ஃபோர்ட் என்ற பிரிவும் அப்படித்தான் இருந்தது. தகப்பன் ஹோல்டன் என்றால் பிள்ளையும் ஹோல்டன். நான் மெல்பேர்ணில் 1998 முதல் எட்டு ஆண்டுகள் ரக்சி ஓட்டினேன். இரவில் ஏறும் பயணிகள் என் ஊர் எது என்று கேட்பதற்கு முன்பே, "நீ ஹோல்டனா, ஃபோர்டா?" என்று கேட்பார்கள். நான் இருந்ததோ ஃபல்கனுக்குள்!

முதலில் தொடக்கத்தைப் பார்ப்போம். ஹோல்டன் 1856இல் அடிலெயிட் நகரில் குதிரைச் சேணம் செய்யும் கடையாக ஆரம்பமானது. பின்னர் கார்களுக்கு உடற்பகுதி செய்யும் நிறுவனமாக வளர்ந்து, 1931இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்சுடன் இணைந்தது. ஃபோர்ட் 1925இல் ஜீலோங்கில் காலூன்றியது. ஆக, இந்த நாட்டு மக்கள் தங்கள் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்ட போட்டி, உண்மையில் இரண்டு அமெரிக்கக் கம்பனிகளுக்கு இடையிலானது. இதை மனதில் வைத்திருங்கள், முடிவில் தேவைப்படும்.

1948 நவம்பர் 29ஆம் திகதி, மெல்பேர்ண் ஃபிஷர்மன்ஸ் பென்ட் தொழிற்சாலையில் முதலாவது ஹோல்டன் காரைப் பிரதமர் பென் சிஃப்லி அறிமுகம் செய்துவைத்தார். அடுத்த பத்து ஆண்டுகளில் நாட்டில் விற்ற புதிய கார்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் ஹோல்டன் என்ற நிலை வந்தது. எதிராளி இல்லாத காலம் அது. 1960இல் ஃபோர்ட் தன் ஃபல்கனைக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தெருக்களுக்கென வடிவமைத்த அந்தக் காரின் முன்பக்கம் இங்குள்ள கிறவல் பாதைகளைத் தாங்கவில்லை. ஃபோர்டின் பெயர் கெட்டது. கெட்ட பெயரை மாற்ற 1965இல் அவர்கள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். ஜீலோங்கிற்கு அருகே யூ யாங்ஸ் மலையடிவாரத்தில் உள்ள தங்கள் சோதனைத் தளத்தில், இரவு பகலாக ஃபல்கன்களை 70,000 மைல் ஓட்டிக் காட்டினார்கள். முன்னே ஒருவன் ஓடிக்கொண்டிருந்ததால்தான் பின்னே வந்தவன் தன் காரை உறுதியாக்கினான். போட்டியின் முதல் பயன் இது.

இனி பாதர்ஸ்ட். சிட்னியிலிருந்து மேற்கே நீல மலைகளைத் தாண்டினால் வரும் ஊர் இது. அங்குள்ள மவுண்ட் பனோரமா மலையைச் சுற்றி 6.2 கிலோமீற்றர் நீளமான பாதை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 174 மீற்றர் உயர வேறுபாடு. விக்டோரியாவின் பிலிப் தீவில் 1960இல் தொடங்கிய 500 மைல் ஓட்டப்போட்டி, அங்குள்ள பாதை உடைந்துபோனதால் 1963இல் இம்மலைக்கு இடம் மாறியது. அதன் முக்கிய விதி ஒன்றுதான்: பொதுமக்கள் கடையில் வாங்கக்கூடிய கார்தான் ஓட வேண்டும். தனியாகச் செய்த பந்தயக் கார் கூடாது.

இந்த ஒரு விதிதான் எல்லாவற்றையும் மாற்றியது. மலையில் வெல்ல வேண்டுமானால், வெல்லக்கூடிய காரைச் செய்து கடையிலும் விற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வென்றவன் காரை திங்கட்கிழமை சனம் வாங்கும் என்பது விற்பனையாளர்களின் கணக்கு.

1967இல் ஃபோர்ட், நான்கு கதவுக் குடும்பக் காருக்குள் வீ-8 எஞ்சினை வைத்து ஃபல்கன் ஜி.ரி.யைக் கொண்டுவந்து வென்றது. ஹோல்டன் 1968இல் மொனாரோவைக் கொண்டுவந்து அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் வென்றது. ஃபோர்ட் ஜி.ரி.எச்.ஓ. என்ற இன்னும் வலுவான காரைச் செய்து, 1970இலும் 1971இலும் அலன் மொஃபட்டின் கையால் வென்றது. 1971இன் கார் 5.8 லீற்றர் எஞ்சினும் 36 கலன் பெற்றோல் தாங்கியும் கொண்டது. இடையில் பெற்றோல் அடிக்க நிற்கும் தடவைகளைக் குறைப்பதற்கே அவ்வளவு பெரிய தாங்கி. செய்தது 300 கார்கள் மட்டுமே. மணிக்கு 225 கிலோமீற்றர் வேகத்தைத் தொடக்கூடிய அது, அந்நாளில் உலகின் மிக வேகமான நான்கு கதவுக் கார் என்று பேசப்பட்டது.

ஹோல்டன் அப்போது வேறு விதமாக யோசித்தது. முன்பு ஃபோர்டுக்காக வென்று கொடுத்த ஹரி ஃபேர்த் இப்போது ஹோல்டன் பக்கம். பெரிய எஞ்சினுக்குப் பெரிய எஞ்சினால் பதில் சொல்லாமல், பாரம் குறைந்த சிறிய ரொரானா காரில் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பூட்டினார்கள். 1972இல் மழை. நனைந்த மலையில் பாரமான ஃபல்கன்கள் திணற, பீற்றர் புரொக் என்ற இளைஞர் தனியொருவராக ஓட்டி ரொரானாவில் வென்றார். பின்னாளில் ஒன்பது தடவை அம்மலையை வென்றவர் அவர். எதிரியைப் போலவே செய்வதுதான் போட்டி என்றில்லை, எதிரி பாராததைப் பார்ப்பதும் போட்டிதான்.

ஆனால் இந்த வேகத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. விக்டோரியாவில் மட்டும் 1970இல் வீதி விபத்துகளில் 1,061 பேர் இறந்தார்கள். ஆசனப்பட்டி அணிவதை உலகிலேயே முதலில் அந்த மாநிலம் கட்டாயமாக்கியதும் அதே ஆண்டில்தான். இந்நிலையில் 1972 ஜூன் 25ஆம் திகதி, சிட்னியின் சன்-ஹெரால்ட் பத்திரிகையில் எவன் கிறீன் என்ற பத்திரிகையாளரின் செய்தி முதற்பக்கத்தில் வந்தது. மணிக்கு 160 மைல் ஓடும் கார்கள் விரைவில் தெருவுக்கு வருகின்றன என்பதே அதன் சாரம். நியூ சவுத் வேல்ஸ் போக்குவரத்து அமைச்சர் மில்ரன் மொறிஸ் கடுமையாக எதிர்த்தார். சில நாட்களுக்குள் ஃபோர்ட், ஹோல்டன், கிறைஸ்லர் மூன்றும் தங்கள் திட்டங்களைக் கைவிட்டன. 1973 முதல் பந்தய விதியும் மாறியது. பந்தயத்துக்காகக் காரைத் தனியே மாற்றிக்கொள்ளலாம், கடைக்காரைச் சூடேற்றத் தேவையில்லை என்றானது. தெருவில் பிள்ளைகள் நடக்கும் நாட்டில் அந்தத் தடை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். போட்டிக்கு வேலி தேவை. வேலி போட்ட பின்பும் போட்டி சாகவில்லை என்பதைத்தான் அடுத்த பகுதி காட்டுகிறது.

எண்ணெய் விலை ஏறிய 1970களின் பிற்பகுதியில் ஹோல்டன் ஒரு கணக்குப் போட்டது. இனிச் சனம் சிறிய காரைத்தான் வாங்கும் என்று, ஜேர்மனியின் ஓப்பல் காரை அடிப்படையாகக் கொண்டு 1978இல் கொமடோரைக் கொண்டுவந்தது. ஃபோர்ட் 1979இல் வந்த புதிய ஃபல்கனை அகலமாகவே வைத்துக்கொண்டது. பின்சீட்டில் மூன்று பேர் தாராளமாக இருக்கலாம் என்பதால் குடும்பங்களும் ரக்சிக்காரரும் ஃபல்கன் பக்கம் போனார்கள். 1980களில் விற்பனையில் ஃபல்கன் முந்தியது. ஹோல்டன் பாடம் படித்து, 1988இல் கொமடோரை அகலமாக்கியது. மறுபக்கம், ஃபோர்ட் 1982இல் வீ-8 எஞ்சினைக் கைவிட்டது. ஹோல்டனோ கைவிடவில்லை. புரொக்கின் நிறுவனமும், 1987 முதல் எச்.எஸ்.வி. என்ற பிரிவும் வலுவான கொமடோர்களைச் செய்து ஆட்களை இழுத்தன. ஃபோர்ட் 1991இல் வீ-8ஐத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் புகுந்தார், விட்டவர் திரும்பி வந்தார்.

இரசிகர்களின் பற்றும் சாதாரணமானதல்ல. 1980இல் பாதர்ஸ்டில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த டிக் ஜோன்சனின் ஃபல்கன், பாதையில் கிடந்த பாறையொன்றில் மோதி நொறுங்கியது. தொலைக்காட்சியில் பார்த்திருந்த சனம் தொலைபேசியில் அழைத்துப் பணம் தருவதாகச் சொன்னது. சேர்ந்த தொகைக்குச் சமமாக ஃபோர்டும் கொடுத்தது. அடுத்த ஆண்டு அதே ஜோன்சன் அதே மலையில் வென்றார்.

1990களிலும் 2000களிலும் போட்டி வெறும் வேகத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே மேடு பள்ளத்தைத் தாங்கும் அமைப்பைக் கொமடோர் முதலில் கொண்டுவந்தது. ஃபோர்ட் 1998இல் சில கார்களிலும், 2002இல் வந்த பி.ஏ. ஃபல்கன் சீடான்கள் எல்லாவற்றிலும் அதைப் பூட்டியது. அந்த 2002 ஃபல்கனில் டர்போ பூட்டிய ஆறு சிலிண்டர் எஞ்சின் 240 கிலோவாற் வலுத் தந்தது. ஜீலோங்கில் செய்த அதே எஞ்சின் குடும்பம்தான் காஸில் ஓடும் ரக்சியிலும் இருந்தது. நான் ஓட்டிய ரக்சி ஒன்று என் கைக்கு வரும்போதே நான்கு இலட்சம் கிலோமீற்றர் ஓடியிருந்தது, பிறகும் அலுக்காமல் ஓடியது. வேகத்துக்காகக் கொடுத்த உறுதி, இரவு முழுவதும் உழைத்துக் குடும்பம் நடத்தியவனுக்கும் சோறு போட்டது.

பாதுகாப்பிலும் அப்படித்தான். 2006இல் வந்த வீ.ஈ. கொமடோர், கார் சறுக்கும்போது தானாகப் பிறேக்கைக் கட்டுப்படுத்தும் கருவியை எல்லா மாடல்களிலும் கொடுத்தது. 2008இல் எஃப்.ஜி. ஃபல்கன், இந்நாட்டில் செய்த கார்களில் முதலாவதாக ஐந்து நட்சத்திரப் பாதுகாப்புத் தரம் பெற்றது. கொமடோர் அதே ஆண்டிலேயே அதை எட்டிப் பிடித்தது. அந்த அவசரம் எதிராளி இல்லாமல் வந்திருக்குமா?

வந்திருக்காது என்பதற்கு இந்தியாவைப் பாருங்கள். அனுமதிப்பத்திர ஆட்சிக் காலத்தில் அங்கே கார் செய்ய உரிமை பெற்றவர்கள் ஒரு சிலரே. மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் காரின் வடிவில் 1950களின் பிற்பகுதியில் வந்த அம்பாசடர், பெரிய மாற்றமில்லாமல் 2014 வரை ஓடியது. காசு கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் சனம் தயாராக இருக்கும்போது எதற்கு மாற்ற வேண்டும்? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் அங்கே நிலைமை அசைந்தது.

அப்படியானால் போட்டி போட்ட ஹோல்டனும் ஃபோர்டும் ஏன் இன்று இங்கே கார் செய்வதில்லை?

முதற்காரணம், இருவரும் மதிலுக்குள் நின்று போட்டியிட்டார்கள். 1980களின் நடுப்பகுதியில் வெளிநாட்டுக் கார்களுக்கு 57.5 வீத இறக்குமதி வரி இருந்தது. அது படிப்படியாக இறங்கி 2000இல் 15 வீதமாகவும், 2005இல் 10 வீதமாகவும், 2010இல் 5 வீதமாகவும் ஆனது. அவுஸ்திரேலிய டொலரின் மதிப்பும் அந்நேரத்தில் ஏறியது. இரண்டாவது காரணம், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குதிரைவலுவை ஏற்றிக்கொண்டே போனபோது, சனம் சிறிய கார்களுக்கும் உயரமான கார்களுக்கும் மாறிக்கொண்டிருந்தது. 1998இல் 94 ஆயிரத்துக்கு மேல் விற்ற கொமடோர், 15 ஆண்டுகள் வகித்த முதலிடத்தை 2011இல் மஸ்டா 3 காரிடம் இழந்தது. ஃபல்கன் 2012இல் விற்றது ஏறத்தாழ 14 ஆயிரம்தான். மூன்றாவது, நான் முன்பு மனதில் வைக்கச் சொன்னது: இறுதித் தீர்மானம் அமெரிக்காவில் எடுக்கப்பட்டது.

மெல்பேர்ண் புரோட்மெடோஸில் கடைசி ஃபல்கன் 2016 ஒக்டோபர் 7ஆம் திகதி வெளிவந்தது. 2017 ஒக்டோபர் 3ஆம் திகதி அல்ரோனாவில் ரொயோட்டாவும், 20ஆம் திகதி அடிலெயிட்டின் எலிசபெத்தில் ஹோல்டனும் மூடப்பட்டன. ஹோல்டன் என்ற பெயரையே கைவிடுவதாக 2020 பெப்ரவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், இருவரும் செய்த மிகச் சிறந்த வேகக் கார்கள் கடைசி ஆண்டுகளில் வந்தவையே. 2017இன் எச்.எஸ்.வி. டபிள்யூ-1 காரின் வலு 474 கிலோவாற்.

இந்தத் தொழிற்சாலைகளிலும், அவற்றுக்குப் பாகம் செய்துகொடுத்த பட்டறைகளிலும் இத்தாலியர், கிரேக்கர், வியட்நாமியர் என்று அகதியாகவும் குடியேறியாகவும் வந்தோர் உழைத்தார்கள். எம்மவரும் உழைத்தார்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் கைவேலை தெரிந்தவனுக்குச் சம்பளமும் மரியாதையும் தந்த இடங்கள் அவை. அந்த வாசல்கள் இன்று இல்லை. புதிதாக வருபவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை, அந்த வாசல் வழியாக வந்தவர்கள் அறிவார்கள்.

போட்டி கெட்டதல்ல நேயர்களே. விதியும் நடுவரும் இருந்த மலையில் அது நல்ல காரைத் தந்தது. வாங்குபவனை மறந்து, எதிராளியை மட்டும் பார்த்தபோது அது இருவரையும் சேர்த்தே விழுத்தியது. ஒரே நகரில் பல சங்கங்களும் பல பள்ளிகளும் நடத்தும் எமக்கு இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறதா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.