பழவேற்காடு: பாடு முதல் சங்கம் வரை

பழவேற்காடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டச்சுக்காரர்கள்தான். 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள், துணி ஏற்றுமதி செய்தார்கள், 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசம் போனது. இத்தனை ஆட்சிகள் மாறினாலும் ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை கட்டுவது என்பதை முடிவு செய்தது ஊர்தான்!

அதற்குப் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர்கள் கூடிச் சீட்டுக் குலுக்குவார்கள். நல்ல இறால் கிடைக்கும் இடம் இன்று ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு. வணிகவியலில் சொன்னால், வாய்ப்பும் நஷ்டமும் சமமாகப் பங்கிடப்பட்டன.

ஆனால் பாட்டில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, அது இடம் தரும், முதல் தராது. வலைக்கும் படகுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்க வேண்டும். இரண்டு, அது தலைக்கட்டுக்காரர்களுக்கு மட்டும். கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கும் தலித் மீனவர்களுக்கும் அதில் பங்கு கிடையாது.

முதல் குறைக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் ஃபிரடெரிக் நிக்கல்சன். கிராமக் கடன் பற்றி 1890-களில் அவர் எழுதிய அறிக்கை 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்துக்கு வழிகாட்டியது. அந்த ஆண்டே திரூரில் விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. திரூர் இருப்பதும், பழவேற்காடு இருப்பதும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்துறை உருவானபோது அதை வழிநடத்தியவரும் நிக்கல்சனே என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த வழியில் வந்தவைதான் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள். கடல் மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் சங்க உறுப்பினர் 1,500 ரூபாய் கட்டினால், மத்திய, மாநில அரசுகள் தலா 1,500 சேர்த்து, மீன் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் தருகின்றன. அரசு உதவிக்குச் சீட்டில் பெயர் விழ வேண்டாம். ஏட்டில் பெயர் இருந்தால் போதும்.

ஆனால் ஏரியே கெட்டுவிட்டால்? இறால் ஏற்றுமதி பெருகியதும் கரையோரம் இறால் பண்ணைகள் முளைத்தன. ஏற்றுமதியை வளர்க்க 1972-இல் வாரியம் அமைத்ததும் அரசுதான். கடைசியில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், பழவேற்காடு ஏரியிலிருந்து 1,000 மீட்டருக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. முகத்துவாரம் மணலால் அடைபட்டாலும் இதே கதைதான். கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது. அதனால்தான் முகத்துவாரத்தைத் திறந்து வைக்கக் கல் சுவர் வேண்டும் என்று மீனவர்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள்.

நிவாரணம் ஒரு குடும்பத்தைச் சில மாதங்கள் காப்பாற்றும். தொழிலைக் காப்பாற்றுவது ஏரிதான். பாடு வைத்த முன்னோர் பங்கிட்டது பணத்தை அல்ல, தண்ணீரை. அந்தத் தண்ணீரைக் காப்பதும், பாட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கும் அதில் இடம் தருவதும்தானே ஓர் அரசு செய்யக்கூடிய பெரிய உதவி?