ஏரிப்படுகையில் எழுந்த கோபுரம்

மெக்சிகோ மாநகரம் நிலத்தின்மேல் அமைந்ததன்று, நீரின்மேல் அமைந்தது எனினும் பொருந்தும். அஸ்டெக் மக்கள் பதினான்காம் நூற்றாண்டில் டெக்ஸ்கோக்கோ ஏரியின் தீவொன்றில் தம் தலைநகரை நிறுவினர். 1521ஆம் ஆண்டில் அதனைக் கைப்பற்றிய ஸ்பானியர், இடிபாடுகளின் மீதே தம் நகரை எழுப்பினர். பின்வந்த நூற்றாண்டுகளில் ஏரி நீரையும் வடித்தனர். நீர் போயிற்று, அடியிற் படிந்திருந்த களிமண் போகவில்லை. எரிமலைச் சாம்பலிலிருந்து தோன்றிய அம்மண், சில இடங்களில் தன் உலர்ந்த எடையைப் போல் மும்மடங்குக்கு மேலும் நீரைத் தாங்கி நிற்பது. சுமை ஏற்றினால் அமிழும். அடியிலுள்ள நீரை இறைத்தாலும் அமிழும்.

இதற்குக் கண்கூடான சான்று நுண்கலை மாளிகை. 1904ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அப்பளிங்கு மாளிகை, 1934ஆம் ஆண்டில் நிறைவெய்துமுன்பே தன் பளுவால் மண்ணுள் இறங்கத் தொடங்கிவிட்டது. நகரம் முழுவதுமே தாழ்ந்து வருவதற்குக் கிணறுகளின் வழியே நிலத்தடி நீரை உறிஞ்சுவதே காரணம் என்பதை நபோர் கரில்யோ என்னும் அறிஞர் 1940களில் நிறுவினார்.

அம்மாளிகையின் எதிரிலேயே நாற்பத்து நான்கு மாடிக் கோபுரமொன்றை எழுப்பக் காப்புறுதி நிறுவனம் ஒன்று கருதியது. அதுவே லத்தீன் அமெரிக்கக் கோபுரம். அதன் பொறியாளர் லியோனார்டோ செவார்ட், வரைபடத்தினும் முன்னர் மண்ணை நாடினார். ஆழத் துளையிட்டு, அடுக்கடுக்காக மண் எடுத்து ஆய்ந்தார். அவர் விடைகாண வேண்டியிருந்த வினாக்கள் இரண்டு: கட்டடம் எவ்வளவு அமிழும்? நிலம் நடுங்குங்கால் எவ்வாறு அசையும்? முதல் வினாவோடு நின்றுவிடுவோர் எக்காலத்தும் உளர். செவார்ட் இரண்டையும் ஒருங்கே நோக்கினார். ஏறத்தாழ முப்பத்து மூன்று மீட்டர் ஆழத்து மணற்படுகை வரை 361 கற்காரைத் தூண்கள் இறக்கப்பட்டன. அடித்தளம் உள்ளீடற்ற பெட்டி போல் அமைக்கப்பட்டமையால், கப்பல் நீரில் மிதப்பது போன்று, பளுவில் ஒரு பகுதியை மண்ணும் நீருமே தாங்கின. அமெரிக்கப் பேராசிரியர் நேதன் நியூமார்க், நடுக்கத்தில் எஃகுச் சட்டகம் எவ்வாறு வளையும் என்பதைக் கணித்து உதவினார். 1956ஆம் ஆண்டில் கோபுரம் திறக்கப்பட்டது.

சோதனை விரைவிலேயே வந்தது. 1957 சூலை 28ஆம் நாள் நிகழ்ந்த நடுக்கத்தில் விடுதலைத் தூணின் உச்சியிலிருந்த பொன்முலாம் பூசிய தேவதைச் சிலை வீழ்ந்து சிதைந்தது. கோபுரமோ நின்றது. அதனுள் முன்னரே பொருத்தப்பட்டிருந்த கருவிகள், அசைவு கணிப்பை ஒட்டியே இருந்தமையைக் காட்டின.

அந்நடுக்கத்தின் பின் இயற்றப்பட்ட விதிகள் ஏரிப்படுகையையும் கெட்டி நிலத்தையும் வேறு பிரித்தன. இது பெரிய முன்னேற்றமே. எனினும் ஏரிப்படுகைக்கு வகுத்த வலிமையளவு போதாது என்பதை 1985 செப்டம்பர் 19ஆம் நாள் கொடுமையாக உணர்த்தியது. நடுக்கம் தோன்றியது ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் கரையோரத்தில். நகரின் கெட்டி நிலத்தில் அதிர்ச்சி மெலிதாகவே பதிவாயிற்று. களிமண்ணில் வைத்த கருவியொன்றோ அதனினும் நான்கைந்து மடங்கு முடுக்கத்தைக் காட்டியது. காரணம் எளிது. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால், சிறு குழந்தையும் அதனை உயர எழச் செய்யும். களிமண் இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஆடியது. ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்கள், விரிசல் கண்டு தளரத் தளர, அதே தாளத்திற்கு இசைந்தன. பல்லாயிரவர் மாண்டனர். ஓட்டு வீடுகளும் பழங்கோயில்களும் பல பிழைத்து நிற்க, புதிய அடுக்குமாடிகள் வீழ்ந்த விந்தை இவ்வாறு நேர்ந்ததே. மூன்றரை வினாடியை ஒட்டிய அசைவுடைய கோபுரம் இம்முறையும் நின்றது.

2017ஆம் ஆண்டில், அதே செப்டம்பர் 19ஆம் நாள், நினைவு நாள் ஒத்திகை முடிந்த சில மணி நேரத்துக்குள் மீண்டும் நடுக்கம். இம்முறை அது தோன்றியது அண்மையில், ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில். பெரிதும் சிதைந்தவை களிமண் அடுக்கு மெலிந்த மேற்கு விளிம்பின் தாழ்ந்த கட்டடங்கள். அதே நகரம், அதே ஏரி. ஆயினும் தாளம் வேறு.

தொலைநடுக்கமும் மென்களிமண்ணும் கூடும் நிலை மெக்சிகோவுக்கு மட்டும் உரியதன்று. சுமத்திராவின் நடுக்கங்கள் சிங்கப்பூர், பினாங்கு அடுக்குமாடிகளை அசைப்பதை அங்கு வாழ்வோர் அறிவர். சிங்கப்பூரின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி நெறி, இருபது மீட்டருக்கு மேல் உயரும் பொதுவான கட்டடங்களுக்கு முதலில் வினவுவது அடிமண்ணின் வகையைத்தான். மென்மண்ணாயின் நடுக்கத்தையும் கணக்கிற் கொண்டே அவை வடிவமைக்கப்பெற வேண்டும்.