கரேலியாவின் வெண்ணெய்

பின்லாந்தின் கிழக்கே, ரஷ்ய எல்லையை ஒட்டிக் கிடக்கும் காட்டுப் பிரதேசம் வட கரேலியா. 1960களில் அங்கே மரம் வெட்டியும் மாடு வளர்த்தும் வாழ்ந்த ஆண்கள் பலர், நாற்பது ஐம்பது வயதிலேயே மாரடைப்பில் இறந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், இதய நோய் இறப்பில் கிழக்குப் பின்லாந்தே முன்னால் நின்றது. இறந்தவர்கள் உட்கார்ந்தே வாழ்ந்தவர்கள் அல்லர். நாள் முழுவதும் கோடரி பிடித்தவர்கள். உழைக்கிறவனுக்கு நெஞ்சுவலி வராது என்ற நம்பிக்கையை அந்த மாகாணம் பொய்யாக்கியது.

காரணம் அவர்களுடைய மேசையில் இருந்தது. அந்த மேசைக்கு ஒரு வரலாறு உண்டு. 1866 முதல் 1868 வரை நீடித்த பஞ்சத்தில் பின்லாந்து மக்கள் மரப்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவில் கரேலியாவின் பெரும் பகுதி சோவியத் ஒன்றியத்திடம் போனது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு விட்டு மேற்கே வந்தார்கள். அவர்களுக்கும் போரில் இருந்து திரும்பியவர்களுக்கும் அரசு சிறு சிறு காணிகளைப் பிரித்துக் கொடுத்தது. காட்டை வெட்டி, மாடு கட்டி, பன்றி வளர்த்தார்கள். ரொட்டியில் தடித்த வெண்ணெய், ஆடை எடுக்காத பால், கொழுப்பு இறைச்சி, உப்பிட்ட மீன் இவைதான் உணவு. காய்கறி மாட்டுக்குரியது என்ற எண்ணமும் இருந்தது. வெண்ணெய் என்பது பசியை வென்றதன் அடையாளம்.

ஒஸ்லோவில் இருந்து இதைப் படிக்கும்போது எனக்கு அந்த வெண்ணெய் அந்நியமாகத் தெரியவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சீனிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்றவர்கள் எங்கள் தலைமுறையில் பலர். இங்கே பிறந்தநாள் விழாவில் ரோல்ஸும் வடையும் ஆட்டிறைச்சிக் கறியும் மேசையை நிறைக்காவிட்டால் வீட்டுக்காரருக்கு மனம் ஆறாது. அது பெருந்தீனி ஆசை அல்ல. இல்லாமையை மறக்கும் வழி.

1971 ஜனவரியில் மாகாண ஆளுநரும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து, எங்கள் மனிதர்களைக் காப்பாற்ற உதவுங்கள் என்று அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வட கரேலியத் திட்டம் தொடங்கியது. அதன் தலைவர் பெக்கா புஸ்கா அப்போது இருபதுகளில் இருந்த இளம் மருத்துவர். முதல் அளவெடுப்பில் ஆண்களின் சராசரிக் கொலஸ்ட்ரோல் லீற்றருக்கு 7 மில்லிமோல் அளவில் இருந்தது. ஆண்களில் பாதிப்பேர் புகைத்தார்கள்.

வெண்ணெயிலும் கொழுப்பு இறைச்சியிலும் உள்ள நிறைவுற்ற கொழுப்பு, குருதியில் இருந்து கெட்ட கொலஸ்ட்ரோலை இழுத்தெடுக்கும் ஈரலின் திறனைக் குறைக்கிறது. எஞ்சியது நாளங்களின் சுவரில் படிகிறது. இதைத் துண்டுப்பிரசுரத்தில் எழுதலாம். ஆனால் கடையில் வெண்ணெய் மட்டும் இருந்தால் வாசித்தவர் என்ன செய்வார்?

ஆகவே புஸ்காவின் குழு அடுப்படிக்கும் கடைக்கும் போனது. 1899இல் தொடங்கிய மார்த்தா என்ற பெண்கள் அமைப்பு ஊர் ஊராக ‘நெடுவாழ்வு மாலைகள்’ நடத்தியது. பெண்கள் கூடி, கரேலிய இறைச்சிக் குழம்பில் கொழுப்பைக் குறைத்துக் கரட்டும் கிழங்கும் சேர்த்துச் சமைத்து, எல்லோருமாக உண்டார்கள். சொசேஜ் செய்பவர்கள் கொழுப்பின் ஒரு பங்குக்குப் பதிலாகக் காளான் சேர்க்க இணங்கினார்கள். குளிர் நிலத்தில் விளையும், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ரிப்சி எண்ணெய் வெண்ணெயின் இடத்துக்கு வந்தது. வெண்ணெய் விற்பனை சரிந்தால் பால் பண்ணையாளர் என்ன ஆவார்? 1980களில் பெரிப்பழச் செய்கைக்கு மாற அவர்களுக்கு உதவி கிடைத்தது. கொதிக்கவைத்து இறக்கும் கோப்பியில் கொலஸ்ட்ரோலைக் கூட்டும் ஒரு பொருள் உண்டு, காகித வடி அதைப் பிடித்துக்கொள்ளும். மக்கள் மெல்ல வடிகோப்பிக்கு மாறியதும் உதவியது. 1990களில் ஊர்களுக்கிடையே கொலஸ்ட்ரோல் குறைக்கும் போட்டியே நடந்தது.

2007இல் ஆண்களின் சராசரி ஐந்தரைக்குக் கீழே இறங்கியிருந்தது. உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நாள நோய் இறப்பு, சுமார் நாற்பது ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது. ஸ்டாட்டின் மாத்திரைகள் 1987இல்தான் சந்தைக்கு வந்தன. வீழ்ச்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

இதில் விவாதமும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிவுசெய்த பக்கத்து மாகாணம் குவோபியோவிலும் இறப்புகள் குறைந்தன. திட்டம் இல்லாமலே இது நடந்திருக்குமா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். செய்தியும் புதிய உணவுப் பொருட்களும் மாகாண எல்லையில் நிற்கவில்லை என்பது ஒரு பதில். 1977இல் திட்டத்தின் பாடங்கள் நாடு முழுவதற்கும் எடுத்துச் செல்லப்பட்டன. வென்றது நிலைக்கும் என்றும் இல்லை. 2007க்குப் பின் வெண்ணெய் மறுபடி நாகரிகமானபோது சராசரி சற்று ஏறியது.

புலம்பெயர்ந்த தெற்காசியரிடையே இதய நோய் அதிகம் என்பது பிரித்தானியாவிலும் பிற நாடுகளிலும் பதிவாகிவிட்டது. எங்கள் சிக்கல் கரேலியருடையதே அல்ல. நல்ல கொலஸ்ட்ரோல் குறைவு, ட்ரைகிளிசரைட் அதிகம், வயிற்றுக் கொழுப்பு, நீரிழிவு என்று வேறு கணக்கு. வெள்ளைச் சோற்றின் அளவையும் நடக்காத கால்களையும் அதில் சேர்க்க வேண்டும். ஆனால் எங்களிடையே ஒருவருக்குக் கொலஸ்ட்ரோல் கூடினால் அது அவருடைய தனிக் குறையாகிவிடுகிறது. வீட்டில் அவருக்கு மட்டும் தனிச்சட்டியில் கட்டிப்பால் விடாத கறி. விழாவில் அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மூன்றாம் மாதம் அவரும் ரோல்ஸை எடுக்கிறார்.

வட கரேலியாவில் எவரையும் தனிச்சட்டியில் உண்ண விடவில்லை. சட்டியையே மாற்றினார்கள். குழம்பு கரேலியக் குழம்பாகவே இருந்தது. கம்பு மாவில் மெல்லிய ஓடு தட்டி, பாலில் வெந்த அரிசிக் கஞ்சி நிரப்பிச் சுடும் கரேலியப் பணியாரம் இன்றும் பின்லாந்துக் கடைகளில் கிடைக்கிறது. எங்கள் சங்க மண்டபங்களில் அடுத்த ஆண்டிறுதி விழாவுக்குப் பட்டியல் போடுகிறவர்கள், அந்தக் குழம்பைப் பற்றி ஒரு கணம் யோசிக்கலாம்.