ஒரு ரிப்பேர் பில்லின் பூர்வீகம்

சிறிய கார் ஒன்றில் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் ஏறக்குறைய 5,000, 6,000 ரூபாயில் வேலை முடிந்துவிடும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் 10,000 ரூபாயைத் தாண்டலாம். எங்கே விட்டாலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். மாற்றப் போவதும் அதே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்தான். யாரோ ஒருவர் தலையில் மிளகாய் அரைக்கிறார் என்று கார்க்காரருக்குத் தோன்றுவது இயல்பு.

இந்தச் சந்தேகத்துக்கு வயது அதிகம். 1941-இல் அமெரிக்காவின் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதைச் சோதித்தே பார்த்துவிட்டது. நன்றாக ஓடும் காரில் காயில் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு, நாடு முழுக்க 347 காரேஜ்களுக்கு ஓட்டிப் போனார்கள். ஒயரை மாட்டினால் தீர்ந்தது. 129 காரேஜ்கள் அதை நேர்மையாகச் செய்தன. மீதி 218, அதாவது 63 சதவீதம், இல்லாத வேலையைச் சொல்லியோ கூடுதலாக வாங்கியோ பிழைத்துக்கொண்டன. பத்திரிகை பரபரப்பாக விற்றிருக்கும். ஆனால் அந்தச் சோதனை மெக்கானிக்கை மட்டும்தான் பார்த்தது. சாமான் எங்கிருந்து வருகிறது, அதன் விலையை யார் வைக்கிறார்கள் என்ற பக்கம் அது போகவில்லை. இந்தியாவில் பில்லின் கதை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கார் தயாரிக்கும் திட்டம் இல்லாத வெளிநாட்டுக் கம்பெனிகள் கடையைக் கட்டலாம் என்று 1953-இல் இந்திய அரசு முடிவெடுத்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களை வரவழைத்து இங்கே பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் சாலையில் புதிதாக வந்த கார் என்றால் பெரும்பாலும் அம்பாசடர், ஃபியட் (பிறகு பிரீமியர் பத்மினி), வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு, அவ்வளவுதான். கார் வாங்கக் காத்திருந்து சலித்தவர்களுக்கு இது சாபம். மெக்கானிக்குக்கு வரம். இரண்டு மூன்று வண்டிகளின் உடற்கூறு தெரிந்தால் ஆயுள் முழுக்கச் சோறு. ஒரே வேலையை ஊரில் நூறு பேர் செய்வார்கள் என்பதால் கூலியும் ஏறவில்லை.

அந்தக் காலத்து வேலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் விலையின் சூட்சுமம் தெரியும். வண்டி திக்கித் திக்கி ஓடினால் மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுவார். பாயிண்டைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துக் கரியை எடுப்பார். இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் சிகரெட் பெட்டியின் அட்டையைக் கிழித்துச் செருகிப் பார்ப்பார். புதுச் சாமான் எதுவும் இல்லை. வாங்கும் காசெல்லாம் கைக்கும் கண்ணுக்கும்தான். இன்ஜின் புகை கக்கினால் பிளாக்கை லேத்துக்குக் கொண்டுபோய் போர் பண்ணி, அடுத்த அளவு பிஸ்டனும் ரிங்கும் போடுவார்கள். பம்பர் நசுங்கினால் டிங்கர் தட்டி நிமிர்த்துவார். குரோம் பூசுகிற இடத்துக்கு ஒரு நடை, முடிந்தது.

சென்னைக்கு இன்னொரு வசதியும் இருந்தது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று உதிரிபாகத் தொழிற்சாலைகள் ஊருக்குள்ளேயே வளர்ந்தன. இவர்கள் கார் கம்பெனிக்கும் கொடுத்தார்கள், கடைக்கும் கொடுத்தார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையில் ஒரு சாமானைக் கேட்டால் ‘எந்த விலையில் வேணும்?’ என்ற கேள்விதான் முதலில் வரும். கார் கம்பெனி பெட்டியில் வருவது ஒரு விலை, பாகத்தைத் தயாரித்தவர் தன் பெயரிலேயே விற்பது ஒரு விலை, லோக்கல் ஒரு விலை. இவை எதுவும் கட்டுப்படியாகாதவர் புதுப்பேட்டைக்குப் போய், பிரித்துப் போட்ட வண்டியிலிருந்து பழைய சாமானைப் பேரம் பேசி வாங்கலாம். பில்லுக்குப் பில் வித்தியாசம் வருவதில் பெரும்பங்கு இந்தப் பெட்டிகளுக்குத்தான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கம்பெனி அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் என்பது அதன் பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களின் பழக்கமானது. இங்கே கூலி கணக்கிடும் முறையே வேறு. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று கம்பெனி அட்டவணை வைத்திருக்கும். அந்த நேரத்தை ஊருக்கு ஊர் மாறும் மணிக்கூலியால் பெருக்கினால் லேபர் சார்ஜ். கைதேர்ந்த ஆள் பாதி நேரத்தில் முடித்தாலும் அட்டவணை நேரத்துக்குத்தான் காசு. 2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் கார்புரேட்டர் விடைபெற்று ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. உப்புத்தாளுக்கு வேலை போயிற்று. டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தால் கோளாறைப் படிக்க ஸ்கேனர் வேண்டும், அதற்கான மென்பொருள் வேண்டும். அவற்றையும் மேனுவலையும் கார் கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்கு வெளியே எளிதில் விடவில்லை.

இது 2011-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகாராகப் போனது. 2014 ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பு வந்தபோது 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம். பாகம் தயாரிப்பவர்கள் வெளிச்சந்தையில் விற்கவிடாமல் ஒப்பந்தத்தால் கட்டிப்போட்டது, வெளி மெக்கானிக் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டியது, போட்டியே இல்லாததால் உதிரிபாகங்களை இஷ்டத்துக்கு விலை வைத்து விற்றது என்று ஆணையம் பட்டியல் போட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 1941-இல் காரேஜ் வாசலில் நின்ற சந்தேகம், இப்போது ஆதாரத்தோடு தொழிற்சாலை வாசலுக்கு வந்திருந்தது.

வரியும் தன் பங்குக்கு விளையாடியது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது பெரும்பாலான உதிரிபாகங்களுக்கு 28 சதவீதம். 2025 செப்டம்பரில்தான் எல்லாமே 18 சதவீதத்துக்கு இறங்கின. கச்சாச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் இந்த வரி கண்ணில் படாது. அங்கே மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படி மிச்சம் பிடித்தவர் பின்னால் சாமான் சொதப்பினால் கையில் காட்ட ரசீது இல்லாமல் நிற்பார்.

இன்றைய வண்டியில் டிங்கருக்கு மிஞ்சியிருப்பது குறைவு. பிளாஸ்டிக் பம்பருக்குள் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. பழைய பல்பு ஹெட்லைட் சில ஆயிரத்தில் முடிந்தது. எல்இடி ஹெட்லைட் சில வண்டிகளில் பல பத்தாயிரம். அதைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் காது ஒன்று உடைந்தாலும் பெரும்பாலும் முழு விளக்கையும் மாற்றச் சொல்வார்கள். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலைதான் கிடைக்கும். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. கிளெய்ம் எடுத்தாலோ, ஐந்து ஆண்டு சேர்த்து 50 சதவீதம் வரை வந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் பறிபோகும்.

அதனால்தான் அடிபட்ட வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே ஒர்க்‌ஷாப்காரர் கேட்கிறார்: “இன்ஷூரன்ஸா சார், கேஷா?” இன்ஷூரன்ஸ் என்றால் ‘மாற்ற வேண்டும்’ என்ற வரிசை நீளும். கேஷ் என்றால் அதே காதை ஒட்ட வைக்கத் தெரிந்த ஆள் புதுப்பேட்டையில் இருக்கிறார்.